கேட்பது வேறு, கெஞ்சுவது வேறு

ஆங்கில வகுப்பில் ஒரு மாணவர் எழுந்து, "சார், கிவ் மை நோட்" என்கிறார். "மரியாதையாக் கேக்கத் தெரியாதா?" என்று ஆசிரியர் அதட்டுகிறார். கிராமத்துப் பள்ளியில் படித்த பலருக்கும் பழக்கமான காட்சி இது.

அந்த மாணவர் மரியாதையோடுதான் கேட்டார். அவர் மனதில் இருந்தது, "சார், என் நோட்டைக் குடுங்க" என்ற தமிழ். நம் பேச்சில் மரியாதை வினைச்சொல்லின் வாலில், அந்த 'ங்க'வில் இருக்கிறது. 'தயவுசெய்து' என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆங்கில வினைச்சொல்லுக்கு இப்படி ஒரு வால் கிடையாது. அங்கே மரியாதை 'ப்ளீஸ்', 'மே ஐ', 'வுட் யூ' என்று தனிச் சொற்களாக வரும். மாணவருக்கு 'ங்க'வை ஆங்கிலத்தில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியது ஆசிரியரின் வேலை. குணத்தைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

ஆனால் சேரியிலிருந்து வரும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கொங்குத் தமிழை மரியாதைத் தமிழ் என்று பெருமையாகச் சொல்கிறோம். சின்னக் குழந்தையைக்கூட "வாங்க கண்ணு" என்று அழைக்கும் ஊர் இது. அந்த மரியாதை சேரி எல்லையில் நின்றுவிட்டது. தோட்டத்து வேலைக்குப் போன நம் தாத்தாவைப் பண்ணைக்காரர் வீட்டுச் சிறுவன் பெயர் சொல்லி 'வா, போ' என்றான். தாத்தா அவனைச் 'சாமி' என்றார். 'ங்க' ஒரே திசையில்தான் போனது.

இது உலகத்துப் பாடநூல்களிலும் பதிவாகியிருக்கிறது. பணிவான பேச்சு பற்றி மொழியியலில் மிக அதிகம் பேசப்படும் நூல், பெனிலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் எழுதியது. 1978இல் நீண்ட கட்டுரையாகவும் 1987இல் தனி நூலாகவும் வந்தது. அவர்கள் முதன்மையாக எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று தமிழ். அதுவும் கோவை மாவட்டத்துக் கிராமத்தில் லெவின்சன் பதிவு செய்த பேச்சு. ஒருவரிடம் ஒன்றைக் கேட்கும்போது எவ்வளவு பணிவு தேவை என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்வதாக அவர்கள் சொன்னார்கள்: இருவருக்கும் இடையிலான நெருக்கம், அதிகார வேறுபாடு, கேட்கப்படும் உதவியின் அளவு. யார் யாரை 'நீ' என்கிறார், யாருக்கு 'நீங்க' கிடைக்கிறது என்பதைக் கொண்டே சாதி அடுக்கைக் கண்டறியலாம் என்று லெவின்சன் 1982இல் தனிக் கட்டுரையும் எழுதினார். உலகம் நம் ஊரிடமிருந்து பணிவைப் படித்தது. அந்தப் பணிவுக்குள் நம் அவமானமும் இருந்தது.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் பிள்ளை வகுப்பில் எதையும் கேட்பதில்லை. பாடம் புரியாவிட்டாலும் கேட்பதில்லை, கழிப்பறைக்குப் போகவும் கேட்பதில்லை. அந்த மௌனத்துக்கு 'ஆர்வமில்லை' என்று பெயர் வைத்துவிடுகிறோம். பள்ளியில் தாகம் எடுத்தபோது அம்பேத்கர் என்ற சிறுவனுக்கு ஆசிரியரின் அனுமதி மட்டும் போதவில்லை. குழாயை அவர் தொடக்கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். கேட்டும் கிடைக்காது என்று பழகிய சமூகத்தின் பிள்ளைகள் கேட்கத் தயங்குவதில் என்ன வியப்பு?

ஆங்கிலத்தில் 'நீ'யும் 'நீங்க'ளும் ஒரே 'யூ'தான். அதற்காக ஆங்கிலம் வந்தால் சாதி போய்விடும் என்று நம்ப வேண்டாம். விடுப்புக் கடிதத்தை நினைத்துப் பாருங்கள். காய்ச்சலுக்கு ஒரு நாள் லீவு கேட்க 'ஐ பெக்' என்று தொடங்கி 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' என்று முடிக்கிறோம். வெள்ளைக்காரர் ஆபீஸ் விட்டுப்போன 'சாமி' அது. நம் பிள்ளைகளுக்கு இன்னொரு மொழியிலும் கெஞ்சக் கற்றுத்தர வேண்டியதில்லை.

வேண்டுகோளுக்கும் கட்டளைக்கும் உள்ள வேறுபாடு எளிது. மறுக்க முடிந்தால் அது வேண்டுகோள். 2022இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமை ஆசிரியை கைதானார். அந்த வயதுப் பிள்ளையால் "மாட்டேன் டீச்சர்" என்று சொல்ல முடியுமா? 'ப்ளீஸ்' சேர்த்துச் சொல்லியிருந்தாலும் அது கட்டளைதான்.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'ப்ளீஸ்', 'தேங்க் யூ' இரண்டையும் மாணவரிடமிருந்து எதிர்பார்க்கும் முன், நீங்கள் மாணவரிடம் சொல்லுங்கள். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி 'வாங்க' என்று அழையுங்கள். எவ்வளவு பணிவு வேண்டும் என்பதைக் கேட்கும் உதவி தீர்மானிக்கட்டும். பிறப்பு தீர்மானிக்க வேண்டாம்.

மாணவர்களுக்கும் ஒன்று. 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் அங்கே ஆங்கிலத்தில் கேட்க வேண்டியிருக்கும். மூன்று வாக்கியங்களை இன்றே சொல்லிப் பழகுங்கள். "கேன் யூ எக்ஸ்பிளெயின் இட் அகெய்ன், ப்ளீஸ்?" "மே ஐ ஹேவ் தி ஸ்காலர்ஷிப் ஃபார்ம்?" "சாரி, ஐ கான்ட் டூ தட்." முதலாவது பாடத்தைக் கேட்கிறது, இரண்டாவது உரிமையைக் கேட்கிறது, மூன்றாவது மறுக்கிறது. மூன்றிலும் மரியாதை இருக்கிறது. மூன்றையும் நிமிர்ந்து நின்று சொல்லலாம்.