நடுவில் ஒரு கோடு, இரண்டு மார்க்

மக்களே, பார்ட் ஏ-வில் 'டிஃபரன்ஷியேட் பிட்வீன்' என்று பார்த்ததும் நம் கை தானாக என்ன செய்யும்? ஸ்கேலை எடுத்து நடுவில் ஒரு கோடு போடும். இந்தப் பக்கம் அக்யூரசி, அந்தப் பக்கம் பிரிசிஷன். இங்கே இரண்டு வரி, அங்கே இரண்டு வரி. முடிஞ்சுது. எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம் படித்த நான், இந்தக் கோட்டைப் போட்டே ஃபைனல் இயர் வரை வந்துவிட்டேன்.

போன மாதம் ஒரு கேம்பஸ் இன்டர்வியூவில் இதே கேள்வி. கடகடவென்று ஒப்பித்தேன். "சரி, நீங்க நேர்ல பார்த்த ஒரு பொருளை வச்சு சொல்லுங்க" என்றார் எதிரில் இருந்தவர். அதற்கப்புறம் அந்த ரூமில் ஏசி சத்தம் மட்டும்தான். வேலை கிடைக்கவில்லை. அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

கேவலம் என்னவென்றால், நான் விருத்தாசலத்துக்காரன். அப்பா ஒரு பீங்கான் யூனிட்டில் அச்சு வேலை பார்க்கிறார். நம் வீட்டு மெயின் பக்கத்தில் வெள்ளையாக இருக்குமே, ப்யூஸ் கேரியர், அந்த மாதிரி சாமான்கள். ஊருக்குப் போனதும் அவரிடம் கேட்டேன்: "எல்லா பீஸும் ஒரே மாதிரி தப்பா வந்தா என்னப்பா பண்ணுவீங்க? ஒண்ணொண்ணும் ஒரு தினுசா வந்தா?" யோசிக்கவே இல்லை. "ஒரே மாதிரி தப்புன்னா அச்சை மாத்துவேன். தினுசு தினுசா வந்தா தூக்கம் போச்சு. மண்ணா, தண்ணியா, சூளையா, ஆளான்னு தேடணும்."

இதைத்தான் நான் இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்திருக்கிறேன்! மண் காயும்போதும் சுருங்கும், சூளையில் வேகும்போதும் சுருங்கும். இரண்டு துளைகளுக்கு நடுவே 50 மி.மீ. வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெந்து வந்த பத்து பீஸும் 47 என்றால் அது பிரிசிஷன், அக்யூரசி இல்லை. அடுத்த அச்சை அந்தக் கணக்குக்குப் பெரிதாக்கினால் சரியாகிவிடும். அதுவே 46, 54, 49, 51 என்று வந்தால்? சராசரி எடுத்துப் பாருங்கள், சரியாக 50. பேப்பரில் அழகாக இருக்கும். ஒன்றிலும் ஸ்க்ரூ ஏறாது.

ஹார்ட்னெஸ், டஃப்னெஸ் கதையும் இதேதான். எக்ஸாம் முடிந்து வெளியே வந்து 'பேப்பர் டஃப்' என்கிறோம், 'பேப்பர் ஹார்ட்' என்கிறோம், இரண்டும் ஒன்றுதான். அந்தப் பழக்கத்தோடேயே மெட்டீரியல்ஸ் லேபுக்குள் போகிறோம். எங்கள் வீட்டில் அம்மா கத்தியைத் தீட்டுவது பீங்கான் கப்பின் அடியில், மெருகு ஏறாமல் சொரசொரவென்று இருக்கிற அந்த விளிம்பில். இரும்பையே தேய்க்கிறது என்றால் ஹார்ட்னெஸ் எவ்வளவு என்று பாருங்கள். அதே கப் கை தவறி விழுந்தால் பத்து துண்டு. எவர்சில்வர் டம்ளர் விழுந்தால் ஒரு நசுங்கல், அவ்வளவுதான். அடியைத் தாங்கிக்கொண்டு உருமாறுமே தவிர உடையாது. அது டஃப்னெஸ். சமையல்கட்டிலேயே இருந்திருக்கிறது, நான் ஸ்கேலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போ தமிழில் படித்தால் எல்லாம் சரியாகிவிடுமா? பாதி ஆமாம். ஃபர்ஸ்ட் இயரில் என் ரூம்மேட், ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம், அவனை நாங்கள் ஓட்டாத நாள் இல்லை. ஆனால் ஸ்பீடுக்கும் வெலாசிட்டிக்கும் அவனுக்குக் கோடே தேவைப்படவில்லை. வேகம், திசைவேகம், பெயரிலேயே பதில் இருக்கிறது. ஸ்ட்ரெயினுக்குத் திரிபு. பால் திரிந்தது என்கிறோமே, தன் நிலை மாறுவது. ஸ்ட்ரெயின் என்ற சொல் எனக்கு இதில் எதையும் சொன்னதில்லை, கண் வலியைத் தவிர. ஆனால் அக்யூரசிக்குத் துல்லியம், பிரிசிஷனுக்கு நுட்பம் என்று பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது. அங்கே அவனும் என்னைப் போலத்தான் முழித்தான். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கலில் தமிழ்வழி கொண்டுவந்ததிலிருந்து எந்த மொழி என்றே சண்டை போடுகிறோம். இரண்டு மொழியிலும் அதே கோடுதான் போடுகிறோம் என்பதை யாரும் பேசுவதில்லை.

எங்கள் ஊரின் பழைய பெயர் முதுகுன்றம். பழமலை என்றும் சொல்வார்கள். முதுமை, பழமை இரண்டுக்கும் இங்கிலீஷில் 'ஓல்டு' ஒன்றுதான். ஆனால் உங்கள் தாத்தாவை நீங்கள் 'பழையவர்' என்று சொல்வீர்களா? இந்த வித்தியாசத்துக்கு யாரும் நமக்கு டேபிள் போட்டுக் கொடுக்கவில்லை. தாத்தாவையும் பழைய சோற்றையும் பார்த்து வளர்ந்ததால் தெரியும். (ஊரில் மலையையோ குன்றையோ தேடாதீர்கள், தட்டையான ஊர்.)

அதனால் என் கோரிக்கை சின்னது. வித்தியாசம் கேட்கும் கேள்விக்கு டேபிள் போட்டால் ஒரு மார்க் போதும். இன்னொரு மார்க், கைட் புத்தகத்தில் இல்லாத, தான் பார்த்த ஒரு பொருளைச் சொன்னால் மட்டும். வாலுவேஷன் கஷ்டம் என்பார்கள். சரி, வைவாவிலாவது இதைக் கேட்கலாமே. கடலூர்க்காரன் படகைச் சொல்லட்டும், நெய்வேலிக்காரன் கன்வேயர் பெல்ட்டைச் சொல்லட்டும்.

எனக்கு அடுத்த இன்டர்வியூ இருபதாம் தேதி. அப்பாவிடம் 47 வந்த பீஸ் ஒன்று கேட்டிருக்கிறேன். "ரிஜெக்ட் பீஸை எதுக்குடா வேலை கேக்குற இடத்துக்கு எடுத்துட்டுப் போற?" என்கிறார்.