வழிபாடும் காமிராவும்

சென்னை ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளை, திருச்செந்தூர் சுப்பிரமணிய சுவாமி கோயில் சம்பந்தமான ஒரு வழக்கில், தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைபேசி கொண்டு செல்வதைத் தடுக்குமாறு 2022 டிசம்பரில் உத்தரவு பிறப்பித்தது. ஆலயத்தின் தூய்மையையும் அமைதியையும் காப்பதே அதன் நோக்கம். அந்நோக்கத்தை நாம் மனப்பூர்வமாக ஆதரிக்கிறோம். ஆயினும், தடை ஒன்றினால் மாத்திரம் விஷயம் தீர்ந்துவிட்டதென்று எண்ணுவதற்கில்லை. யார், எதை, யாருடைய சம்மதத்தின் பேரில் படம் பிடிக்கிறார்கள் என்பதே மூலப் பிரச்னை. அது ஒரு மதத்தாருக்கு மட்டும் உரியதுமன்று.

காமிரா பக்திக்கு விரோதி என்று வாதிப்போருடன் நாம் சேரமாட்டோம். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ உத்தியோகஸ்தர் 1858ல் மதுரை, தஞ்சைக் கோயில்களை எடுத்த படங்கள் இன்று சரித்திரப் பொக்கிஷமாக விளங்குகின்றன. எகிப்திய ராணுவ அதிகாரியான முகம்மது சாதிக் பே 1861ல் மதீனாவையும், 1880ல் மக்காவையும் படம் பிடித்தார். அவர் வேடிக்கை பார்க்க வந்த அந்நியரல்லர், நம்பிக்கையுள்ள முஸ்லிம். நமக்கு மிக அண்மையிலும் ஓர் உதாரணம் உண்டு. ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவாடப்பட்ட நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008ல் விலைக்கு வாங்கியது. அத்திருவுருவம் நம்முடையதே என்று நிலைநாட்டத் துணைநின்றது, புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் முன்னமே எடுத்து வைத்திருந்த புகைப்படமன்றோ? 2014ல் நடராஜர் தாயகம் திரும்பினார். ஒரு படம் இல்லாதிருந்தால் சாட்சியும் இருந்திராது.

ஆனால், கற்சிலைக்கும் கண்ணீர் விடும் மனிதருக்கும் பேதமுண்டு. அமெரிக்காவின் அரிஸோனாவில் வாழும் ஹோப்பி என்னும் பழங்குடிகளின் பாம்பு நடனத்தைப் பிடிக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காமிராக்காரர்கள் திரண்டனர். மழை வேண்டிச் செய்யும் பிரார்த்தனை வேடிக்கைக் காட்சியாயிற்று. பிற்பாடு அம்மக்கள் படம் பிடிப்பதை அடியோடு தடுத்தனர். இன்றளவும் தங்கள் சடங்குகளைப் படமெடுக்க அவர்கள் விடுவதில்லை. நமது கூவாகத்திலோ, கூத்தாண்டவர் திருவிழாவில் அரவானுக்காகத் தாலியறுத்து, வளையுடைத்து ஒப்பாரி வைக்கும் திருநங்கையரின் முகத்துக்கெதிரே ஆண்டுதோறும் காமிராக்கள் நீளுகின்றன. 2025ல் பிரயாகையின் மகா கும்பமேளாவில் நீராடிய பெண்களின் படங்களைச் சமூக வலைத்தளங்களில் பரப்பியவர்கள் மீது போலீஸார் வழக்குத் தொடுக்க நேர்ந்தது. இது கலையுமன்று, செய்தியுமன்று, கயமை.

இங்கே ஓர் அநீதியை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மதிலும் கோபுரமும் காவலாளும் உடைய ஆலயங்களைத் தடையுத்தரவு காக்கிறது. வத்திக்கானின் சிஸ்டைன் ஆலயத்தில் காவலர் நின்று தடுக்கிறார்கள். ஆற்றங்கரையிலும் வெட்டவெளியிலும் தெய்வத்தைத் தொழுகிற ஏழை ஜனங்களுக்கு வாயிலுமில்லை, காவலுமில்லை. அவர்களைக் காப்பது படமெடுப்பவனின் மனசாட்சி ஒன்றே. மனசாட்சியை மாத்திரம் நம்பியிருக்கலாமா?

பொது இடத்தில் நடப்பதை எவரும் படமெடுக்கலாம், அதைத் தடுப்பது பத்திரிகைச் சுதந்திரத்துக்கு இழுக்கு என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். அச்சுதந்திரத்தில் நமக்குள்ள பற்று யாருக்கும் குறைந்ததன்று. விழாக் கூட்டத்தைக் காட்டுவது செய்தி. நெரிசலையும் நிர்வாகச் சீர்கேட்டையும் காட்டுவது கடமை. அருள் வந்து தன்னை மறந்து நிற்கும் ஒருத்தியின் முகத்தை, அவளறியாமல் உலகெங்கும் உலவ விடுவது இவ்விரண்டில் எதிலும் சேராது. தெருவில் நின்று தொழுவதனாலேயே ஒருவர் தம் மானத்தைப் பொதுச் சொத்தாக்கிவிடுவதில்லை.

ஆகவே, நாம் வற்புறுத்துவது மூன்று. முதலாவது, சிலைகள், ஓவியங்கள், கல்வெட்டுக்கள் யாவற்றையும் அந்தந்த மத ஸ்தாபனத்தாரே முறையாகப் படமெடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். சிறிய கிராமக் கோயில்களுக்கு இதற்கான செலவைச் சர்க்கார் ஏற்க வேண்டும். இரண்டாவது, பக்தர்களுக்கு ஒரு நீதி, பிரமுகர்களுக்கு ஒரு நீதி என்பது கூடாது. தடையுள்ள இடத்தில் மந்திரியின் காமிராவும் வெளியே நிற்க வேண்டும். மூன்றாவது, மதிலற்ற வழிபாடுகளில் எதைப் படமெடுக்கலாம், எதைக் கூடாதென்பதை வழிபடுவோரே கூடித் தீர்மானிக்கட்டும். அத்தீர்மானத்தை அமல் செய்வது அதிகாரிகளின் பொறுப்பாகட்டும்.

பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் கதவைத் தட்டுகிறோம். பிறர் தெய்வத்தோடு பேசும் வேளையில் குறுக்கிடுமுன் ஒரு வார்த்தை கேட்பது அதனினும் அவசியமல்லவா? அனுமதி பெற்று எடுத்த படம் இரு மதத்தாரை நண்பர்களாக்கும். திருடி எடுத்த படம் எவ்வளவு அழகாயிருப்பினும் திருட்டேயாகும்.