கலைத் தொழிலில் புகும் இளைஞருக்கு வழித்துணை

ஓவியக் கல்லூரியில் படித்துத் தேறிய இளைஞர் ஒருவர், தாம் வரைந்த புடவைச் சித்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டு கைத்தறிச் சங்கத்தின் வாயிலில் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சித்திரம் அழகாகவே இருக்கும். ஆனால் தறியில் ஏற்றினால் அதிலுள்ள சக்கரம் முட்டையாகிவிடும். அங்குலத்திற்கு இத்தனை பாவு இழை, இத்தனை ஊடை இழை என்ற இரு கணக்குகளும் ஒத்திராதபோது, சதுரக் கட்டத்தாளில் வரைந்த வட்டம் துணியில் வட்டமாக வருவதில்லை. 240 கொக்கியுள்ள ஜக்கார்டுக்கு 300 இழை வேண்டும் பூவை வரைந்தால் அப்பூவின் ஒரு பகுதி வெளியே நின்றுவிடும். ஊடைச் சரிகையைப் பாவில் பிணையாமல் நெடுந்தூரம் ஓடவிட்டாலோ, உடுத்துபவரின் வளையலிலும் மெட்டியிலும் அது சிக்கி அறுபடும். இவை பெரிய வித்தைகள் அல்ல. கைதேர்ந்த நெசவாளர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து சொன்னால் சில நாட்களில் விளங்கிவிடும். சொல்வாரில்லாமையால் அவ்விளைஞர் சித்திரத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்புகிறார். பிறகு ஏதேனும் ஓர் அச்சகத்தில் கணிப்பொறியின் முன் அமர்ந்து கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையார் படம் பதித்துக்கொண்டிருக்கிறார்.

மறுபுறம் நமது அங்கத்தினர் வீடுகளையும் பார்க்க வேண்டும். தறியின் நுட்பமெல்லாம் கைவிரலில் இருக்க, கையில் பென்சிலைக் கொடுத்தால் ஒரு மாங்காய்க் கரையைக்கூடப் புதிதாக வரையத் தயங்கும் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். இவ்விரு சாராரும் ஒரே ஊரில் ஒருவரையொருவர் அறியாமல் வாழ்கின்றனர். 2009-10 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 43.31 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர் தொகை, 2019-20 கணக்கெடுப்பில் 35.22 லட்சமாகக் குறைந்துவிட்டது. தறியை விட்டு எழுந்து போகும் ஒவ்வொரு முதியவருடனும் எவ்வளவு கணக்கும் கைப்பழக்கமும் போய்விடுகின்றன என்பதை எந்தக் கணக்கெடுப்பும் காட்டாது.

கலையில் புதிதாகப் புகுவோர்க்கு மூத்தோர் ஒருவரின் துணை எவ்வளவு பயன்படும் என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் 1938-இல் பிறந்த ஆதிமூலம், 1959-இல் சென்னைக்கு வந்தபோது சிற்பி தனபாலின் வழிகாட்டுதலைப் பெற்றார். அவரது துணையினாலேயே அரசினர் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளை அவர் தீட்டிய கோட்டுச் சித்திரங்களைக் காணாத தமிழர் குறைவு. அதே ஆதிமூலம் பின்னர் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராகவும் பணிபுரிந்தார் என்பது நம்மவர்க்குக் கூடுதல் மகிழ்ச்சி தருவது. 1956 முதல் நிறுவப்பட்ட அம்மையங்கள், ஓவியரையும் நெசவாளரையும் ஒரே கூரையின்கீழ் அமர்த்திய அரிய ஏற்பாடாகும். சாந்திநிகேதனில் பயின்ற கே. ஜி. சுப்பிரமணியன் 1959 முதல் 1961 வரை பம்பாய் மையத்தில் இருந்தார். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கிராமத்தை அமைத்தபோது, பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களைச் சேர்ந்து செய்து விற்ற பணமே அவர்களுக்குக் கைகொடுத்தது. பெயரில் கூட்டுறவு இல்லாவிடினும் செயலில் அது கூட்டுறவே என்பது எமது அபிப்பிராயம்.

எனினும், "மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்" என்று மேடையில் பேசிவிட்டுப் போவது சுலபம். கற்பிப்பவரின் அடுப்பு எப்படி எரியும் என்று கேட்பார் இல்லை. நமது நெசவாளருக்கு மாதச் சம்பளம் கிடையாது. புடவைக்கு இவ்வளவு என்றே கூலி. அவர் ஒரு மணி நேரம் கட்டத்தாளை விரித்து விளக்கினால், அந்த ஒரு மணி நேரமும் அவரது நாடா ஓடாது. பழகுகிறவரின் கையில் தறியைக் கொடுத்தாலோ, அறுந்த இழையைப் பிணைப்பதிலேயே பாதி நாள் கழியும். பழுதுபட்ட புடவைக்குப் பிடித்தமும் அவர் கணக்கிலேயே ஏறும். ஆகவே, இலவசமாகக் கற்பியுங்கள் என்று அவரைக் கேட்பது, நல்லாசிரியராக இருப்பதற்காக அவருக்கு அபராதம் விதிப்பதாகும். எத்தனை நல்ல திட்டங்கள் இந்த ஒரு காரணத்தால் ஆறு மாதத்தில் ஓய்ந்துபோயின!

தஞ்சையில் 1986-இல் நிறுவப்பட்ட தென்னகப் பண்பாட்டு மையம் போன்ற ஸ்தாபனங்கள் நடத்தும் குரு-சிஷ்யத் திட்டத்தில், சிஷ்யருக்கு மட்டுமன்றிக் குருவுக்கும் மாதந்தோறும் ஊதியம் உண்டு. இசைக்கும் கூத்துக்கும் பொருந்தும் இந்நியாயம் தறிக்கு மட்டும் பொருந்தாது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். "அந்தக் காலத்தில் இதெல்லாம் தானாக நடந்ததே" என்று பெருமூச்சு விடுவோர் உண்டு. நடந்தது உண்மைதான்; எப்படி நடந்தது என்பதை மறக்கலாகாது. கோர்வைப் புடவைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். ஒரு புறத்து நாடாவை எறியத் துணை ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் ஒரு சிறுவன் அல்லது சிறுமி. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்த குழந்தைகள் எத்தனையோ பேர். தொழில் கற்றவரும் இருந்தனர். கடனை மட்டுமே கற்றவரும் இருந்தனர். 1986-இலும் 2016-இலும் வந்த சட்டங்கள் குழந்தைகளைத் தறியிலிருந்து மீட்கவே வந்தன. நாம் கோருவது பழைய முறையின் மறுவரவு அன்று. பள்ளிப்படிப்பை முடித்த, பதினெட்டு வயது நிரம்பியவர்களே பழகுநராக வேண்டும். முன்பணம் என்ற பேச்சே கூடாது. ஒப்பந்தம் தனி முதலாளியுடன் அல்லாமல் சங்கத்துடன் இருக்க வேண்டும். வழிகாட்டி ஒத்துவராவிட்டால் வேறொருவரிடம் மாற்றித்தரச் சங்கத்தைக் கேட்கும் உரிமையும் பழகுநருக்கு வேண்டும்.

கற்றுக்கொண்டு தனியாரிடம் போய்விடுவார்களே என்ற ஆட்சேபத்தையும் கேட்டிருக்கிறோம். சிலர் போவார்கள். போகாமலிருக்கச் செய்யும் வழி கட்டிப்போடுவது அன்று. அவர் வரைந்த சித்திரத்தைச் சங்கப் பதிவேட்டில் அவர் பெயரிலேயே எழுதி, அச்சித்திரத்தில் நெய்த புடவை விற்கும்போதெல்லாம் சிறு தொகை அவருக்கு அளிப்பதே. வடிவம் வரைந்தவரின் பெயரை நாம் இதுவரை எங்கேனும் எழுதியதுண்டா?

நெல்லும் பருத்தியும் விளைக்கும் அங்கத்தினர்கள், இது நெசவாளரின் விவகாரம், நமது லாபத்தை ஏன் தொட வேண்டும் என்று கேட்கலாம். பிடுங்கி நட்ட நாற்று வேர் பிடிக்கும்வரை பசுமை குன்றி நிற்பதையும், அந்நாட்களில் தண்ணீர் கட்டும் பொறுப்பையும் அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. தவிரவும், பொது நல நிதி இரு சாராருக்கும் பொதுவானதே. அதிலிருந்து சாகுபடிப் பயிற்சிக்குச் செலவிட நேர்ந்தால் நெசவாளர் கணக்குப் பார்க்கமாட்டார் என்று நம்புகிறோம்.

ஒவ்வொரு சங்கமும் முதலாண்டில் இரண்டே பேரை எடுக்கட்டும். ஒருவர் ஓவியம் பயின்றவர், மற்றவர் தறி வீட்டிலிருந்து வந்தவர். இருவரும் ஒரே வழிகாட்டியிடம் இரண்டு ஆண்டுகள் பழகட்டும். ஒருவர் கற்பதில் பாதியை மற்றவரிடமிருந்தே கற்பார் என்பது எமது எதிர்பார்ப்பு. வழிகாட்டிக்குத் தறி நின்ற மணிகளுக்கான கூலியை எவ்வாறு கணக்கிடுவது என்பதில் மட்டும் எமக்கு இன்னும் தெளிவு ஏற்படவில்லை. சாதாரணக் கரைக்கும் கோர்வைக்கும் கூலி வேறு. கைவேகமும் ஆளுக்கு ஆள் வேறு. முந்திய ஆண்டில் அவர் பெற்ற கூலியின் சராசரியைக் கொள்ளலாம் என்பார் சிலர். நலிந்த ஆண்டாக இருந்துவிட்டால் அது அவருக்கு நஷ்டம். தறியில் அமர்ந்து பிறருக்குக் கற்பித்த அனுபவமுள்ள அங்கத்தினர்கள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தறி நின்றது, எவ்வளவு கூலி குறைந்தது என்று குறித்து, பொதுக்குழு கூடுமுன் தத்தம் சங்கக் காரியதரிசியிடம் எழுதிக் கொடுக்கக் கோருகிறோம்.