கையெழுத்தும் கிணற்றுத் தண்ணீரும்

"காசு வாங்கிக் கையெழுத்துப் போட்டவனுக்குப் பிறகேன் ஒப்பாரி?" எரிவாயு தோண்டக் காணி கொடுத்த அமெரிக்க விவசாயியைப் பற்றி இப்படிக் கேட்போர் நம் படித்தவர்களிடையேயும் உண்டு. பென்சில்வேனியாவின் டிமொக் கிராமத்தார் கையெழுத்திட்டது பாறைக்கடியிலுள்ள வாயுவுக்கு, கிணற்றுத் தண்ணீருக்கல்ல. கையெழுத்தே போடாத பக்கத்து வளவுக்காரன் என்ன பாவம் செய்தான்? நிலத்தடி நீர் வேலி பார்த்தா ஓடுகிறது?

2009 ஜனவரி 1இல் அங்கே ஒரு வீட்டுக் கிணறு வெடித்தது. கம்பனியின் துளைகள்வழி மெதேன் கசிந்ததாக மாநில அரசு கண்டது. அது அங்கே இயற்கையாகவே உண்டென்று கம்பனி சாதித்தது. (இருக்கட்டுமே, வெடித்தது தோண்டிய பிறகுதானே?) பாதிக்கப்பட்ட வீடுகளுக்கு விநியோகித்த தண்ணீரையும் 2011இல் நிறுத்தியது. 2022 நவம்பரில்தான் அதன் வாரிசுக் கம்பனி, குற்றச்சாட்டை எதிர்க்காது, குழாய்நீர்த் திட்டத்துக்கு 16.29 மில்லியன் டொலர் கொடுக்க உடன்பட்டது. பதின்மூன்று வருடம்! கையெழுத்து வாங்கிய கடதாசியில் இதற்கொரு வரி இருந்ததா?