பெயரில் மட்டும் சுதந்திரம்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தில் 'ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட்' என்றொரு வகை வீரர்கள் உளர். தமிழில் சொல்வதானால், கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட சுயாதீன வீரர். கட்டுப்பாடு இருக்குமானால் சுயாதீனம் எங்கிருந்து வந்தது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எனது கேள்வியும் அதுவே.

விதி இதுதான். முதற்சுற்றில் தெரிவான இளம் வீரரின் நான்காண்டு ஒப்பந்தம் முடிவடைகிறது. விதிகளின்படி கணிக்கப்பட்ட சம்பளத்தில் ஓராண்டு ஒப்பந்தமொன்றை அவரது அணி முன்வைக்கிறது. அதனால் அந்த அணிக்கு ஓர் உரிமை கிடைக்கிறது. வீரர் வேறோர் அணியின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம். ஆனால் அதே தொகையைத் தானே தருவதாகப் பழைய அணி அறிவித்துவிட்டால், அவர் அங்கேயே ஆடியாக வேண்டும்.

இதனால் வீரர் நன்மையடைவதும் உண்டு. 2014 இல் கோர்டன் ஹேவர்டுக்கு சார்லட் அணி நான்கு ஆண்டுகளுக்கு 63 மில்லியன் டொலர் தர முன்வந்தது. உட்டா ஜாஸ் அணி அத்தொகையை ஏற்று அவரைத் தக்கவைத்துக்கொண்டது. அணிக்கு வீரர் கிடைத்தார். வீரருக்கு உரிய விலை கிடைத்தது.

ஆனால் இப்படி விலை பேச இன்னோர் அணி துணிந்து முன்வர வேண்டும். பழைய அணி முடிவு சொல்லும்வரை, விலை கேட்ட அணியின் சம்பள வரம்பில் அத்தொகை முடங்கிக் கிடக்கும். முடிவு சொல்வதற்கான அவகாசம் 2005 இல் 7 நாட்களாகவும், 2011 இல் 3 நாட்களாகவும், பின்னர் மேலும் குறைக்கப்பட்டது. ஆயினும் இறுதியில் வீரர் கிடைக்கமாட்டார் என்று தெரிந்த பின் எவர் விலை கேட்பார்? பிறர் கேட்காதபோது பழைய அணிக்கும் அவசரமில்லை.

2025 கோடையில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. ஜொனதன் குமிங்கா, ஜோஷ் கிடி, கெம் தோமஸ், குவென்டின் கிரைம்ஸ் ஆகிய நால்வரும் இந்நிலையில் இருந்தனர். பேச்சுகள் செப்டெம்பர் வரை இழுபட்டன. சம்பள வரம்பில் இடமிருந்த அணிகள் மிகச் சில என்பதும் அதற்கு ஒரு காரணம். எவரும் பிற அணிக்குச் செல்லவில்லை. கிடி மட்டும் சிகாகோவுடன் நான்கு ஆண்டுகளுக்கு 100 மில்லியன் டொலர் ஒப்பந்தம் பெற்றார். குமிங்கா இரண்டாண்டு ஒப்பந்தத்துக்கு இணங்கினார். இரண்டாம் ஆண்டைத் தொடர்வதா என்ற தெரிவு அணியின் கையிலேயே இருந்தது. தோமஸும் கிரைம்ஸும் ஓராண்டுச் சம்பளத்தை ஏற்றனர். தோமஸுக்கு அது ஏறத்தாழ 6 மில்லியன் டொலர்.

மில்லியன்களில் புரள்பவர்களுக்காக நாம் ஏன் வருந்த வேண்டும் என்று சிலர் கேட்பர். பத்திரிகைத் தொழிலில் நானறிந்த சாதாரண நிருபருக்குக்கூட, ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு வேறு பத்திரிகைக்குப் போகும் உரிமை இருந்தது. இங்கே இளைஞர் எந்த நகரில் ஆடுவது என்பதை அணிகளின் தெரிவு முறை தீர்மானிக்கிறது. முதல் நான்கு ஆண்டுச் சம்பளத்தை அட்டவணை தீர்மானிக்கிறது. அவர் முதன்முதலாக விலை பேசும் நாளிலும் வாங்குவோர் தூரத்திலேயே நிறுத்தப்படுகின்றனர். தொகை பெரிது என்பதால் அநீதி சிறிதாகிவிடாது.

இவ்வுரிமையின் வரலாற்றையும் மறக்கலாகாது. வீரர்கள் சங்கத் தலைவராயிருந்த ஒஸ்கார் ரொபேர்ட்சனின் பெயரில் 1970 இல் தொடரப்பட்ட வழக்கு 1976 இல் இணக்கமாக முடிந்தது. அதன் விளைவாகவே இவ்வுரிமை வந்தது. வீரரை அணியுடன் கட்டிப்போட்டிருந்த பழைய முறையோடு ஒப்பிட்டால் அது ஒரு முன்னேற்றமே. மூத்த வீரர்களுக்கு 1988 இல் முழுச் சுதந்திரம் கிடைத்தது. ரொம் சேம்பர்ஸ் அதை முதலில் பயன்படுத்தினார். இளைஞர்கள் இன்றும் 1976 இன் சமரசத்திலேயே நிற்கின்றனர்.

சிறிய நகர அணிகளுக்குப் பாதுகாப்புத் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உரிமையைக் கோரும் அணி, குறித்த திகதிக்குள் பல ஆண்டு ஒப்பந்தமொன்றை உண்மையாகவே முன்வைக்க வேண்டும். தவறினால் உரிமை காலாவதியாக வேண்டும். 2023 இன் கூட்டு ஒப்பந்தம் 2029-30 பருவகாலம் வரை நீடிக்கக்கூடியது. அடுத்த பேச்சுவார்த்தையில் வீரர்கள் சங்கம் இதை முன்வைக்க வேண்டும்.

ஹேவர்ட் 2017 இல் முழுச் சுதந்திரம் பெற்றார். அந்தக் கோடையிலேயே உட்டாவை விட்டு பொஸ்டன் சென்றார். தக்கவைக்கும் உரிமை உட்டாவுக்குத் தந்தது மூன்று ஆண்டுகள் மட்டுமே.