ஜன்னலில் ஒட்டியிருக்கும் சீட்டு

மினியாபோலிஸிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெண்ணின் பிரசவத்துக்காகப் போனவர். குழந்தை பிறந்து, பத்தியச் சமையலும் முடிந்து, இப்போது வீட்டில் ஜன்னல் சர்ச்சை நடக்கிறதாம். மாப்பிள்ளை வாங்கியிருப்பது பழைய வீடு. ஜன்னல்களை மாற்றியாக வேண்டும். ஒரு விற்பனைக்காரர் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்து, “எங்கள் ஜன்னலைப் போட்டால் எரிபொருள் செலவில் 40 சதவிகிதம் மிச்சம்” என்றாராம். அவர் கேட்கும் தொகையோ மாப்பிள்ளையின் பல மாதச் சம்பளம். “மாதிரி ஜன்னலில் ஒரு வெள்ளைச் சீட்டு இருந்தது. அதில் ஏதோ தசம எண்கள். மாப்பிள்ளையிடம் கேட்கச் சங்கோசமாக இருக்கிறது. நீங்கள் சொல்லுங்களேன்” என்கிறார்.

சங்கோசம் எதற்கு, அம்மா? அந்த அறையில் உண்மை பேசியது ஒருவேளை அந்தச் சீட்டு மட்டும்தானோ என்னவோ!

அந்தச் சீட்டு பிறந்த கதையைக் கேளுங்கள். 1973-இல் எண்ணெய் விலை ஏறியதும், குளிர் தேசத்துக்காரர்கள் வீட்டில் உஷ்ணம் எங்கே ஒழுகுகிறது என்று தேட ஆரம்பித்தார்கள். ஜன்னல் கம்பெனிகளுக்குக் கொண்டாட்டம். ஒவ்வொரு கம்பெனியும் தன் ஜன்னலைத் தானே அளந்து, தனக்குப் பிடித்த எண்ணை விளம்பரத்தில் போட்டுக் கொண்டது. இதில் ஒரு சூட்சுமம். கண்ணாடியின் நடு மத்தியை மட்டும் அளந்தால் எண் அழகாக வரும். ஓரத்தையும் சட்டத்தையும் சேர்த்து அளந்தால் சாயம் வெளுத்துவிடும். மரப்பிடி போட்ட வாணலிக்கும் பிடியும் உலோகமான வாணலிக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா? அலுமினியம் மரத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் உஷ்ணத்தைக் கடத்தும். நடுவில் இரட்டைக் கண்ணாடி போட்டு, சுற்றிலும் வெறும் அலுமினியத்தை வைத்தால், முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதைதான்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1989-இல் நேஷனல் ஃபெனஸ்ட்ரேஷன் ரேட்டிங் கவுன்ஸில் என்ற லாப நோக்கமில்லாத சங்கம் ஏற்பட்டது. இந்த முயற்சிக்கு ஆதரவு தரும்படி 1992-ஆம் வருஷத்து எரிசக்திச் சட்டமும் சொல்லிற்று. சங்கத்தில் ஜன்னல் செய்கிறவர்களும் அங்கத்தினர்கள்தாம், அதை மறைப்பானேன்? ஆனால் கணக்குப் போடுவதும் சோதனை செய்வதும் அங்கீகாரம் பெற்ற வேறு பரிசோதனைச் சாலைகள். அதைச் சரிபார்ப்பதும் வெளியார்தான். எல்லா ஜன்னலுக்கும் ஒரே முறை. சட்டமும் கண்ணாடியும் சேர்ந்த முழு ஜன்னலுக்கு ஒரே எண். கதவுகளுக்கும் அப்படியே.

சரி, எண்களைப் பார்ப்போம். முதலாவது, ‘யு ஃபாக்டர்’. உள்ளே இருக்கும் கதகதப்பு எவ்வளவு சுலபமாக வெளியே ஓடுகிறது என்பது. குறைவாக இருந்தால் நல்லது. மின்னஸோட்டா குளிருக்கு இதுதான் பிரதானம். அடுத்தது, சூரிய உஷ்ணத்தில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பது. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் இருக்கும். மூன்றாவது வெளிச்சம். காற்று எவ்வளவு கசிகிறது என்பதும் சில சீட்டுகளில் உண்டு.

இந்தச் சீட்டு, “இது நல்ல ஜன்னல்” என்று சொல்லவே சொல்லாது. எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். எந்த எண் எந்த ஊருக்கு ஆகும் என்று சொன்னது ‘எனர்ஜி ஸ்டார்’ முத்திரை. 2023-இல் அது வகுத்த விதிப்படி, வடக்குப் பிரதேசத்துக்கு யு ஃபாக்டர் 0.22-க்கு மேல் போகக் கூடாது. வெயிலை அதிகமாக உள்ளே விடும் ஜன்னலானால் கொஞ்சம் சலுகை உண்டு, அங்கே வெயில் விருந்தாளி அல்லவா! ஃப்ளோரிடா போன்ற தெற்குப் பகுதிக்கோ யு ஃபாக்டர் 0.32 வரை போகலாம். ஆனால் சூரிய உஷ்ணப் பங்கு 0.23-ஐத் தாண்டக் கூடாது. ஒரு ஊரின் உத்தம ஜன்னல் இன்னொரு ஊரில் உதவாக்கரை.

40 சதவிகித விஷயத்துக்கு வருகிறேன். சீட்டை இன்னொரு முறை பாருங்கள். ‘இத்தனை சதம் மிச்சம்’ என்று எங்கேயாவது இருக்கிறதா? இராது. மிச்சம் என்பது வீட்டின் அளவு, பழைய ஜன்னலின் நிலை, கூரை, சுவர் எல்லாவற்றையும் பொறுத்தது. 2012-இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், எரிபொருள் மிச்சத்தை மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாக ஐந்து ஜன்னல் வியாபாரிகள்மேல் நடவடிக்கை எடுத்தது. இனிமேல் ருசு இல்லாமல் இப்படிச் சொல்வதில்லை என்று ஐவரும் ஒப்புக்கொண்டு சமரசத்துக்கு வந்தார்கள். உங்கள் விற்பனைக்காரர் அந்த ரகம் என்று நான் சொல்லவில்லை. “அந்த 40 எங்கிருந்து வந்தது? எழுத்தில் தாருங்கள்” என்று மாப்பிள்ளை கேட்கட்டும். வேறு இரண்டு கம்பெனிகளின் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். ஜன்னல் பொருத்திய பிறகு, இன்ஸ்பெக்டர் பார்க்கும் வரையில் சீட்டைக் கிழிக்க வேண்டாம்.

சென்னையில் புது ஃப்ளாட்டுக்கு ஜன்னல் தேடும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. நமக்கு முக்கியம் இரண்டாவது எண். சாதாரண ஒற்றைக் கண்ணாடி சூரிய உஷ்ணத்தில் 100-க்கு 80-க்கு மேல் உள்ளே விட்டுவிடும். பிறகு ஏ.ஸி.க்கு ஐந்து நட்சத்திரம் பார்த்து வாங்கி என்ன பிரயோஜனம்? கடைக்காரர் எண் சொன்னால், “கண்ணாடிக்கா, முழு ஜன்னலுக்கா?” என்று கேளுங்கள். யு ஃபாக்டருக்கு அமெரிக்கக் கணக்கு வேறு, நம் மெட்ரிக் கணக்கு வேறு. அவர்கள் எண்ணை ஏறக்குறைய 5.7-ஆல் பெருக்கினால் நம் எண். அங்கே 0.30 என்பது இங்கே 1.7. இது தெரியாமல் ஒப்பிட்டால் வீண் சண்டைதான் வரும்.

எந்தச் சீட்டுக்கும் தெரியாத சங்கதி ஒன்றும் உண்டு: உங்கள் ஜன்னலுக்கு மேலே இருக்கும் சன்ஷேடு. மேற்கு வெயிலுக்கு வெளியே ஒரு தட்டி கட்டினால், அந்த உஷ்ணம் கண்ணாடி வரைக்குமே வராது. பாட்டி வீட்டு வெட்டிவேர்த் தட்டியை எந்தப் பரிசோதனைச் சாலையும் அளந்து நம்மிடம் சொல்ல வேண்டியதில்லை.

மினியாபோலிஸ் அம்மாள் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: வாசல் கதவையும் மாற்ற வேண்டுமா? காற்றடிக்கும் நாளாகப் பார்த்து, மூடிய கதவின் ஓரத்தில் ஊதுபத்தியை மெதுவாக நகர்த்துங்கள். திரைச்சீலை பக்கத்தில் வேண்டாம். புகை எங்கே கலைகிறதோ அங்கேதான் ஓட்டை. பல சமயம் புதுக் கதவு வேண்டியிராது. ஓரத்தில் ஒட்டும் ரப்பர் பட்டையே போதும்.