தொடங்காத கணினியும் தொடங்க வேண்டிய ஆராய்ச்சியும்

நோய் இன்னதென்று அறியுமுன் மருந்து கொடுக்கத் துணிவாரை நாம் மருத்துவர் என மதிப்பதில்லை. ஆயின், வீட்டுக் கணினி ஒருநாட் காலை தொடங்க மறுத்த மாத்திரத்தில், "ஃபார்மட் செய்துவிடுங்கள்" என்றும், "மதர்போர்டு போயிற்று, புதிது வாங்குங்கள்" என்றும் கூறுவாரை வல்லுநர் என நம்பிப் பணத்தையும் கோப்புகளையும் ஒருங்கே இழக்கின்றோம். இவ்வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும், காரணத்தை முறையே தேடும் பயிற்சி, எப்பாடத்தைக் கற்பவராயினும், கல்லூரி மாணவர் ஒவ்வொருவர்க்கும் உரியது என்பதும் எமது கருத்து.

"தொடங்கவில்லை" என்னும் ஒரு சொல் மூவேறு நிலைகளைக் குறிக்கும். விசையை அழுத்தியும் விளக்கெரியாமலும் விசிறி சுழலாமலும் இருத்தல் ஒன்று. அவை இயங்கியும் திரை இருண்டே கிடத்தல் மற்றொன்று. திரையில் எழுத்துக்கள் தோன்றியும் விண்டோஸ் முதலிய இயங்குதளம் வந்து சேராமை மூன்றாவது. இம்மூன்றனுள் எது நேர்ந்தது என்று காண்பதே ஆராய்ச்சியின் முதற்படி.

முதல் நிலையில் மின்சாரத்தின் வழியை ஆராய்தல் வேண்டும். சுவரிலுள்ள பிளக்கில் வேறொரு விளக்கைப் பொருத்திப் பார்த்தலும், கணினியின் பின்புறத்துச் சிறு விசையையும் கம்பியையும் நோக்குதலும் எவர்க்கும் இயலும். ஆயினும் பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறத்தலாகாது. இணைப்பை நீக்கிய பின்னரும் அதனுள் உயிர்க்கு இடர் செய்யும் மின்சாரம் தங்கியிருத்தல் கூடும்.

இரண்டாம் நிலையில் திரைக்குச் செல்லும் கம்பியை முதலிற் காண்க. பின்னர்ச் செவிகொடுத்துக் கேட்க. 1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். கணினியே தொடங்குங்கால் தன் உறுப்புக்களைத் தானே சோதித்து, குறையைப் பீப் ஒலியால் அறிவித்தது. இன்றும் பல கணினிகள் ஒலியாலோ சிறு விளக்காலோ அவ்வாறே பேசுகின்றன. அவற்றின் பொருள் உடன்வந்த கைந்நூலில் உண்டு. மின்னிணைப்பை நீக்கி, ராம் பலகையைக் கழற்றி மீண்டும் செம்மையாக அழுத்திப் பொருத்திய அளவில் திரை ஒளிபெறுதலும் உண்டு.

மூன்றாம் நிலையில், செருகி மறந்த பென் டிரைவ் வழிமறிக்கின்றதா என்று நோக்குக. கணினியின் நாளும் மணியும் பின்னோக்கிச் சென்றிருப்பின், நாணயம் போன்ற 3 வோல்ட் பாட்டரி தீர்ந்து, அமைப்புக்கள் மாறியிருத்தல் கூடும். இவை யாவற்றிலும் ஒரு நெறி உண்டு: ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக. ஒருங்கே மூன்றை மாற்றுவோன் கணினி எழுந்தாலும் நோய் எதுவென்று அறியான்.

தொடங்காமை அழிவன்று என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்னும் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழைபட்ட கோப்பினால் உலகெங்கும் விண்டோஸ் கணினிகள் நிலைகுலைந்தன. அவை ஏறத்தாழ 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் கணித்தது. வானூர்திகள் நின்றன, மருத்துவமனைகள் இடர்ப்பட்டன. ஆயினும் அக்கணினிகளின் உறுப்பொன்றும் பழுதுபடவில்லை. அவற்றைச் சேஃப் மோடில் எழுப்பி, அவ்வொரு கோப்பை நீக்குதலே மருந்தாக அறிவிக்கப்பட்டது.

"எமக்கு நேரமில்லை, கடையிற் கொடுத்தலே எளிது" என்பார் உளர். கடைக்குச் செல்லுதலை யாம் மறுக்கவில்லை. அறியாமையோடு செல்லுதலையே மறுக்கின்றோம். ஈராண்டு உழைத்தெழுதிய ஆய்வேடும், மறைந்த பெற்றோரின் நிழற்படங்களும் அந்த டிஸ்க்கில் இருக்கலாம். வேறொரு கணினியில் அமைத்த லினக்ஸ் பென் டிரைவ் கொண்டு எழுப்பிக் கோப்புக்களைப் படியெடுத்தல் பெரும்பாலும் இயலும். டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருப்பின் 48 இலக்கத் திறவெண் வேண்டும். அதனை இன்றே குறித்து வைத்தல் நலம். டிஸ்க்கில் 'டிக் டிக்' என்னும் புதிய ஒலி எழுமாயின், மேலும் இயக்காது வல்லார் கையில் ஒப்புவிக்க. ஃபார்மட் என்பது இவையெல்லாம் முடிந்தபின் எஞ்சும் இறுதி வழியேயன்றி முதல் வழியன்று.

ஆதலின், கழிக்கப்பட்ட பழைய கணினிகள் சிலவற்றை மாணவர் திறந்து பயில ஒதுக்குமாறு கல்லூரியாரை வேண்டுகின்றோம். அவற்றின் முன் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, ஐயுற்று, சோதித்து, கண்டதைக் குறித்து, காரணத்தை எட்டிய மாணவன் கணினியைப் பற்றி மட்டும் கற்றவனாகான். ஆராயாது முடிவு கூறுவார் எத்துறையில் வரினும் அவரை வினவும் துணிவையும் பெறுவான்.